கஜபதியின் ஏழாவது அடி

பிப்ரவரி 4, 2019. திங்கள்

பிசியோதெரபி அம்மாவின் உத்தரவுப்படி இன்று முதல் டைரி. இரட்டைக்கோடு நோட்டுதான் வாங்க வேண்டுமாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு. "பார்க்கின்சன்ஸ் இருக்கிறவங்களுக்கு எழுத்து சின்னதாயிட்டே போகும் சார். ரெண்டு கோட்டையும் தொடற மாதிரி பெருசா எழுதுங்க. தினம் ஒரு பக்கம். என்ன வேணா எழுதுங்க, நான் படிக்க மாட்டேன்" என்றார். படிக்கவும் முடியாது. முதல் வரியில் யானை மாதிரி இருந்த எழுத்து இந்த வரிக்கு வருவதற்குள் எறும்பாகிவிட்டது.

எழுத விஷயம் வேண்டுமே. பெயர் ஆசீர் ஜெபதுரை. வயது அறுபத்தொன்பது. அயனாவரத்தில் மாடிப் போர்ஷன். தனி ஆள். எல்லா வாத்தியத்தையும் தானே வாசிக்கிறவனுக்குப் பெண்டாட்டி எதற்கு என்று என் அக்கா உயிரோடு இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரிந்தவை: கிடார், பேஸ் கிடார், ஆர்கன், செல்லோ, மாண்டலின், புல்லாங்குழல், டிரம்ஸ்.

டிரம்ஸை ஏன் கடைசியில் எழுதினேன் என்று தெரியவில்லை.

லாரித் தண்ணீர் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 7. வியாழன்

ஜெர்மனியிலிருந்து க்ளாஸ் என்று ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். உலகத்தில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ராக் குழுக்களைத் தேடிப் பிடித்து இசைத்தட்டு போடுவது அவர் தொழில். எங்கள் 'மார்னிங் ஷிஃப்ட்' குழுவின் பழைய போட்டோவை டிரம்ஸ்காரன் கஜபதியின் மகள் மேகலா ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒலிப்பதிவு மிச்சம் உண்டா என்று எனக்கும் அவளுக்கும் எழுதிக் கேட்கிறார்.

நாங்கள் வாசித்தது ப்ரோக்ரெசிவ் ராக். அப்படி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் கஜா சொல்வான்: "மூணு நிமிஷத்துல முடியற பாட்டை எடுத்துக்கணும். இருபது நிமிஷம் முடிக்காம இருக்கணும்." எழுபத்து மூன்றில் நாலு பேராகத் தொடங்கினோம். ஒருவன் வெளிநாட்டுக்குப் போனான், ஒருவன் குடியில் போனான். எழுபத்தொன்பதில் மிச்சம் கஜாவும் நானும். அவன் டிரம்ஸ். மற்றதெல்லாம் நான். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் அவனுக்குக் காலை ஷிஃப்ட். அது முடிந்த பிறகுதான் ஒத்திகை. குழுவுக்குப் பெயரே அப்படி வந்ததுதான்.

அந்த வருஷம் ஒரே ஒரு பதிவு செய்தோம். 'ஏழு கிணறு'. ஏழு பாகம், ஏழேழு அடியாகப் போகிற தாளம், இருபத்திரண்டு நிமிஷம். பாட்டே இல்லாமல் இருபத்திரண்டு நிமிஷமா என்று கம்பெனிக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

டேப் என்னிடம் இருக்கிறது என்று க்ளாஸுக்குப் பத்தே நிமிஷத்தில் பதில் போட்டேன். நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இன்னும் ஒரு பத்து நிமிஷம் மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது.

பிப்ரவரி 8. வெள்ளி

மேகலா போன் செய்தாள். க்ளாஸ் அவளுக்கும் சொல்லிவிட்டார்.

"அங்கிள், டேப் இருக்காமே! ஈரத்துல கெட்டுப்போச்சுன்னு நீங்க சொன்னதாத்தானே அப்பா சொல்வாரு?"

"கெட்டுப்போச்சுன்னுதாம்மா நெனச்சேன். போன மாசம் பரண்ல கெடச்சுது."

"அப்பாவுக்கு ஒரு தடவை கேக்க வெச்சுடணும் அங்கிள். டாக்டர் ரொம்ப நாள் சொல்லலை."

கஜாவுக்கு நவம்பரில் பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது. கொளத்தூரில் மகள் வீட்டில் படுக்கையாக இருக்கிறான்.

பரணில் இல்லை. என் கட்டிலுக்கு அடியில், இரும்புப் பெட்டியில், நாற்பது வருஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 12. செவ்வாய்

கஜாவைப் போய்ப் பார்த்தேன். தொப்பையும் மீசையுமாக இருந்தவன் கட்டிலில் பாதியாகிக் கிடக்கிறான். வாய் கோணினாலும் வார்த்தை வருகிறது. ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு வாங்கி.

"ஆசீரு. டேப்பு. கெடச்சுதா?"

"கெடச்சுதுடா."

"எப்போ?" என்றான். எப்போது கிடைத்தது என்று கேட்கவில்லை. எப்போது போட்டுக் காட்டுவாய் என்று கேட்டான். இடது கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. என் கையும் நடுங்கிக்கொண்டிருந்ததால் இருவர் கையும் சேர்ந்து ஆடியது. அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேலை இருக்கிறது, நாளாகும் என்றேன்.

மேகலா காபி கொண்டுவந்தாள். "சின்ன வயசுல நான் கேட்டுட்டே இருப்பேன் அங்கிள், அப்பா நீங்க வாசிச்சதைக் காட்டுங்கன்னு. 'நான் வாசிச்ச ஒரே ஒரு ரெக்கார்டை மழை குடிச்சிடுச்சு'ன்னு சொல்வாரு. பட்டறையில அவர் ரிட்டயர் ஆன அன்னிக்கு மைக்கைக் கொடுத்தாங்க. அங்கயும் இதையேதான் சொன்னாரு."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது கஜா, "உன் நோட்டு..." என்று இழுத்தான். என் இசைக் குறிப்பு நோட்டைச் சொல்கிறான். அப்போதே என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். குழுவில் வேறு யாருக்கும் புரியாது. "இதைப் படிக்க ரெண்டே பேராலதான் முடியும், நானும் உங்க கர்த்தரும்" என்று கிண்டல் செய்வான். செய்தாலும், பிழையில்லாமல் படித்து வாசித்துவிடுவான்.

பிப்ரவரி 15. வெள்ளி

தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடம் தூக்கினேன், ஒன்றைக் கொட்டினேன்.

பிப்ரவரி 20. புதன்

சாலிகிராமத்தில் நளினா என்பவரின் ஸ்டூடியோ. பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றித் தருகிறார். க்ளாஸின் ஏற்பாடு. முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். டேப்பை மோந்து பார்த்தார். "பசை விட்டிருக்கு சார். இப்படியே ஓட்டினா உரிஞ்சுடும்" என்றார். பழத்தை உலர்த்துகிற மின்சாரப் பெட்டி ஒன்றில் மெல்லிய சூட்டில் வைத்தால் பசை இறுகுமாம். அதன் பிறகு ஒரு தடவை ஓட்டி எடுத்துவிடலாம்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். எட்டு மணி நேரம் என்றார்.

பிப்ரவரி 22. வெள்ளி

கேட்டேன்.

ஆர்கன் வருகிறது, செல்லோ வருகிறது, என் இருபத்தொன்பது வயது வருகிறது. அந்த விரல்கள் யாருடையவை என்று ஆச்சரியமாக இருந்தது. நளினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "எப்படி சார் இதை வெளியிடாம விட்டாங்க?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நாற்பது வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு அப்புறம் அவரே கேட்டார்: "சார், கடைசி நாலு செகண்ட்ல டிரம்ஸ் சத்தமே மாறுதே? வேற ஆள் வாசிச்ச மாதிரி."

"மைக் நகர்ந்திருக்கும்."

"அடியும் மாறுது சார்."

காப்பி எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மாத்திரை நேரம் தவறிவிட்டது.

பிப்ரவரி 23. சனி

மேகலாவுக்கு போன். டேப்பைச் சூட்டில் வைத்திருக்கிறார்கள், ஒரு மாதமாகும் என்றேன். "பாத்துப் பண்ணச் சொல்லுங்க அங்கிள், அவசரப்பட வேணாம்" என்றாள் அந்தப் பெண்.

மார்ச் 2. சனி

புல்லாங்குழலை எடுத்துப் பார்த்தேன். உதடு நடுங்குகிறது. சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. கணக்குப் பார்த்தால் மாண்டலின் மூன்று வருஷத்துக்கு முன் போயிற்று, செல்லோ போன தீபாவளியோடு, கிடார் கிறிஸ்துமஸோடு. வந்த வரிசையிலேயே திரும்பிப் போகின்றன.

'ஏழு கிணறு' திரும்பி வந்த பிறகு நான் சினிமா ரெக்கார்டிங்குக்குப் போனேன். மாண்டலின்காரர் வரவில்லையா, ஆசீரைக் கூப்பிடு. செல்லோக்காரருக்குக் காய்ச்சலா, ஆசீரைக் கூப்பிடு. முப்பது வருஷம் வராதவர்களின் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்த படம் எத்தனை என்று எனக்கே தெரியாது, என் பெயர் எதிலும் இல்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று கஜா அப்போதே சொன்னான். எனக்கென்று இருக்கிற ஒரே மரம் அந்த டேப்.

மார்ச் 10. ஞாயிறு

நேற்று கஜாவுக்கு மறுபடி தாக்கிவிட்டது. பேச்சு முழுதும் போய்விட்டது. கேட்பது புரிகிறதாம். இடது கை மட்டும் அசைகிறதாம். மேகலா போனில் அழுதாள்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பை எழுத மாட்டேன். பிசியோ அம்மா படிக்க மாட்டேன் என்றுதான் சொன்னார், ஆனாலும்.

மார்ச் 11. திங்கள்

டேப் தயார் என்று மேகலாவிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 14. வியாழன்

நளினா கொடுத்த காப்பியை எடுத்துக்கொண்டு கொளத்தூர் போனேன். மேகலா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள், டீச்சர் வேலை. கஜாவுக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவன் கல்யாணத்தில் அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. வாலாஜாபேட்டையில் நடந்தது. அன்று எனக்கு ரெக்கார்டிங் இருந்ததால் போக முடியவில்லை.

ஸ்பீக்கரை ஜன்னலோரம் வைத்து ஓட்டினாள். முதல் பாகத்தில் டிரம்ஸ் நுழைந்ததும் "அப்பா!" என்று கத்திக் கை தட்டினாள். கஜா கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய இடது கை கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கியது. ஆள்காட்டி விரலும் மோதிர விரலும். சட்டம் இரும்பு, அதனால் நன்றாகக் கேட்டது.

"பாருங்க அங்கிள், ஒண்ணுகூட மறக்கலை!" என்றாள் மேகலா. கண்ணில் நீர். போனில் படம் எடுத்தாள்.

அவளுக்குக் காது பழக்கமில்லை. எனக்கு உண்டு. விரலும் டேப்பும் ஆறு அடி சேர்ந்து போகும். ஏழாவதில் டேப் முந்திக்கொள்ளும். விரல் ஒரு நூல் தாமதித்து விழும். ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான். இருபத்திரண்டு நிமிஷம். ஒரு தடவைகூட அவன் டேப்புக்காகத் தன் அடியை மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசிப் பாகம் குழலும் டிரம்ஸும் மட்டும். அது முடிகிற இடத்தில், கடைசி நாலு நொடி, விரலும் டேப்பும் ஒன்றாக விழுந்தன. ஏழாவதும் சேர்ந்தே விழுந்தது.

கஜா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அதிக நேரமில்லை. பிறகு கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான். மேகலா இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டாள். தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

களைப்பாக இருக்கும்.

மார்ச் 15. வெள்ளி

களைப்பில்லை. எனக்குத் தெரியும். யாரும் படிக்க முடியாத எழுத்தில்கூட எவ்வளவு நாள் பொய் எழுதுவது.

எழுபத்தொன்பது செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு கஜாவின் கல்யாணம். அன்று எனக்கு ரெக்கார்டிங் இருந்தது உண்மை. என்ன ரெக்கார்டிங் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிற சினிமா ரெக்கார்டிங் தியேட்டரில், நாலு தடம் உள்ள டேப் மிஷினில், என் வாத்தியங்களை எல்லாம் மூன்று தடத்தில் அடைத்துவிட்டு கஜாவின் டிரம்ஸை நாலாவதில் வைத்திருந்தோம். வேலை முடிந்திருந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. கடைசிப் பாகத்தில் அவன் ஏழாவது அடியில் பின்தங்குகிறான் என்று எனக்கு உறுத்தல். சொன்னால் சண்டை வரும். அவன் மணவறையில் உட்கார்ந்திருந்த காலையில் நான் அவன் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பாகத்தை மட்டும் அவன் தடத்தின் மேலேயே வாசித்தேன். அந்த மிஷினில் புதிது ஏறினால் பழையது அழியும்.

வாசித்துக் கேட்டால் சத்தம் ஒட்டவில்லை. அவன் கை கனம், என் கை லேசு. ஆறாம் பாகம் வரை ஒருவன், ஏழாம் பாகம் வேறொருவன் என்று பச்சையாகத் தெரிந்தது. அதனால் ஆறாவதையும் வாசித்தேன். பிறகு ஐந்தாவது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு நிமிஷமும் நான்தான். கடைசிப் பாகத்தின் முடிவில் மட்டும் ஆபரேட்டர் நாலு நொடி முன்னதாக நிறுத்திவிட்டிருந்தார். அந்த நாலு நொடி மட்டும் கஜா.

அடுத்த வாரம் புதுமாப்பிள்ளை தாம்பூலப் பையோடு வந்து, "டேப்பு கேக்கலாமாடா?" என்றான். கம்பெனியில் இருக்கிறது என்றேன். கம்பெனி திருப்பியதும், ஈரத்தில் கெட்டுவிட்டது என்றேன்.

நேற்று கட்டில் சட்டத்தில் கேட்டபோதுதான் புரிந்தது. அவன் பின்தங்கவில்லை. எல்லாப் பாகத்திலும் என் குழல் வரி ஏழாவது அடியில்தான் முடியும். நான் மூச்சை நீட்டுவேன், அது முடியட்டும் என்று அவன் காத்திருந்து அடித்திருக்கிறான். டேப்பில் இப்போது கேட்டால் ஒவ்வொரு தடவையும் என் மூச்சு முடிவதற்குள் அடி விழுகிறது. என் மூச்சை நானே நறுக்கிவைத்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பத்தாம் தேதி எழுதாமல் விட்ட நினைப்பு இதுதான்: இனி அவனால் சொல்ல முடியாது.

மார்ச் 23. சனி

தலையணைமேல் இரண்டு பென்சிலால் அவன் அடியை வாசித்துப் பார்த்தேன். ஆறு வரை வருகிறது. ஏழாவதில் காத்திருக்க வேண்டும். என் கைக்கு இப்போது காத்திருக்கத் தெரியவில்லை, தானாக நாலைந்து தடவை அடித்துவிடுகிறது. நோட்டில் எழுதிவைக்கலாம் என்றால் எழுத்து இந்த லட்சணம்.

மார்ச் 31. ஞாயிறு

கொளத்தூர் போனேன். கஜா தூங்குகிறான் என்றாள் மேகலா. அரைமணி உட்கார்ந்திருந்தேன். இமை அசைந்துகொண்டே இருந்தது. நான் கிளம்பிச் செருப்புப் போடும்போது, "அப்பா, முழிச்சிட்டீங்களா?" என்று அவள் சொல்வது கேட்டது.

திரும்ப உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 6. சனி

இன்று விடியற்காலை கஜா போய்விட்டான்.

ஏப்ரல் 8. திங்கள்

முந்தாநாள் சாவு வீட்டில் மேகலாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் 'ஏழு கிணறு' முதல் பாகத்து டிரம்ஸ். அப்பா வாசித்தது என்று ரிங்டோன் வைத்திருக்கிறாள். பட்டறை ஆட்கள் எல்லாரும், "நம்ம கஜபதி அடிச்சதா? என்னா கை!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பாடையைத் தூக்கும்போதும் அடித்தது.

என் சத்தத்தில் அவனை வழியனுப்பினார்கள். நான் தெருமுனை வரைக்கும்தான் நடந்தேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன்.

மே 11. சனி

க்ளாஸுக்கு உண்மையை எழுதிவிட்டேன். இரண்டு நாளாயிற்று தட்ட. டிரம்ஸ் கஜபதி வாசித்தது, அதை அழித்துவிட்டு நான் வாசித்தேன், கடைசி நாலு நொடி மட்டும் அவன், இதை அப்படியே அட்டையில் போடுங்கள் என்று எழுதினேன். மேகலாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுவேன்.

மே 14. செவ்வாய்

க்ளாஸின் பதில். சந்தோஷத்தில் குதித்திருக்கிறார். 'ஏழு வாத்தியமும் ஒரே மனிதரா! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? இதைத்தான் மக்கள் தேடுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறார்.

நான் எழுதியதில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தானே.

ஜூன் 19. புதன்

ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டில் குடத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாகக் குளிக்கவில்லை.

இசைத்தட்டு அட்டையின் மாதிரிப் படம் மெயிலில் வந்தது. முன்பக்கம் பெரிதாக: ஏழு கிணறு, மார்னிங் ஷிஃப்ட். அதற்குக் கீழே: எல்லா வாத்தியங்களும் ஆசீர் ஜெபதுரை. பின்பக்கம் மூலையில் பொடி எழுத்தில்: புகைப்பட உதவி, கஜபதி குடும்பத்தார்.

இருபத்தொன்பது வயதில் இப்படி ஓர் அட்டை வேண்டும் என்று ஜெபம் செய்திருக்கிறேன். கர்த்தர் மெதுவாகத்தான் தருவார்.

ஜூன் 22. சனி

கஜாவின் பெயர் எங்கே, அந்த நாலு நொடி எங்கே என்று கேட்டு எழுதினேன். க்ளாஸ் மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார். அட்டை அச்சுக்குப் போய்விட்டதாம். கடைசியில் சத்தம் ஒட்டவில்லை என்று அங்கே உள்ள என்ஜினியர் அந்த நாலு நொடியை மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டாராம். இப்போது முடிவு சுத்தமாக இருக்கிறதாம்.

நிறுத்துங்கள், இசைத்தட்டே வேண்டாம் என்று ஒரு மெயில் எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். அட்டைப் படத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். எழுதவில்லை.

நான் செய்ததிலேயே இதுதான் கேவலம். அந்தச் செப்டம்பர் ஞாயிறு செய்ததற்காவது வயசைக் காரணம் சொல்லலாம்.

ஆகஸ்ட் 30. வெள்ளி

மேகலாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 5. செவ்வாய்

மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பிசியோ அம்மா நோட்டைத் தூர வைத்துப் பார்த்துவிட்டு, "கோட்டைத் தொடவே இல்லையே சார்" என்றார்.

ஜனவரி 11, 2020. சனி

இசைத்தட்டு வந்துவிட்டது. இரண்டு பிரதி. ஒன்று மேகலாவுக்கு. கேட்க என்னிடம் கருவி இல்லை. கையில் வைத்துப் பார்த்தேன். கனமாக, பளபளப்பாக இருக்கிறது. முகர்ந்தும் பார்த்தேன்.

நேரில் சொல்ல வாய் வராது. இத்தனை மாதத்தில் தெரிந்துகொண்டேன். அவளுடைய பிரதியின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அதில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

ஜனவரி 17. வெள்ளி

ஆறு நாள், நாலு வரி. பொங்கலன்றுகூட வேறு வேலை பார்க்கவில்லை. மாத்திரை வேலை செய்கிற காலை நேரத்தில், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. எழுதியது இதுதான்:

'மேகலா, இதில் நீ கேட்கும் டிரம்ஸ் உன் அப்பா வாசித்தது அல்ல. அவர் வாசித்ததை அவர் கல்யாணத்தன்று நான் அழித்தேன். அவருடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இது தெரிந்துதான் அவர் போனார்.'

ஜனவரி 19. ஞாயிறு

கொளத்தூர் போனேன். கூடத்தில் கஜாவின் படம், சந்தன மாலை. தொப்பையும் மீசையுமாக இருந்த காலத்துப் படம். மேகலா இசைத்தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் படித்தாள். மறுபடி முன்பக்கம்.

"போட்டோ குடுத்ததுக்குப் பேரு போட்டிருக்காங்க. டிரம்ஸுக்கு அப்பா பேரு எங்க அங்கிள்?"

"உள்ளே பாரும்மா. எழுதியிருக்கேன்."

பிரித்தாள். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போனாள். கண்ணாடியை மாட்டினாள். அட்டையைத் தூர வைத்தாள், கிட்ட வைத்தாள். நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தோடு முடிந்தது, இனி என்ன சொன்னாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அங்கிள் இது? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. ஒரு எழுத்துகூடப் புரியலை" என்று சிரித்தாள். அட்டையை என்னிடம் நீட்டினாள். "நீங்களே படிங்க."

வாங்கினேன். நாலு வரியும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அவங்க அச்சுல விட்டுட்டாங்க. அதான் கையால எழுதினேன்" என்றேன். "டிரம்ஸ், கஜபதி. அப்படின்னு."

"நாலு வரி இருக்கே?"

"கை நடுங்குதேம்மா. ஒண்ணையே நாலு தடவை எழுதிட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கையோட எங்கப்பாவுக்காக..." என்றவள், மேற்கொண்டு சொல்லாமல் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி விரித்து, அவன் படத்துக்கு நேர் எதிரே நிறுத்திவைத்தாள். விளக்கு ஏற்றினாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டேன்.

என் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இனி நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.